நூறு டாலர் எட்டாத எழுத்து

தமிழ் வலைப்பூக்களின் வலது ஓரத்தில் அப்போது எல்லாமே இருக்கும். வந்தவர்களை எண்ணும் எண்பெட்டி, எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்று சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டும் குட்டி உலகப்படம், தமிழ்மணம் திரட்டியின் சின்னம், நண்பர்களின் வலைப்பூப் பட்டியல், பின்தொடர்பவர்களின் தபால்தலை அளவு முகங்கள். பாட்டுப் பெட்டி வைத்தவர்களும் உண்டு. பக்கம் திறந்ததும் இளையராஜா தொடங்கிவிடுவார். இத்தனைக்கும் நடுவே ஒரு செவ்வகம் மட்டும் பொருந்தாமல் நிற்கும். விளம்பரத்துக்கான செவ்வகம் அது. கூகுளின் ஆட்சென்ஸ் நிரலை எங்கிருந்தோ வாங்கி அங்கே ஒட்டியிருப்பார்கள். அதன் இயந்திரம் பக்கத்தைப் படித்துப் பார்த்து, அதற்கு ஏற்ற விளம்பரத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். தமிழ் அதற்குத் தெரியாது. எதை விற்பது என்று தெரியாத பக்கத்தில் ஏதாவதொரு தொண்டு நிறுவனத்தின் பொதுநல அறிவிப்பை வைத்துவிட்டுப் போய்விடும். அதை எத்தனை பேர் சொடுக்கினாலும் எழுதியவருக்கு ஒரு பைசா வராது.

அந்தச் செவ்வகத்தை நம்பி எழுத வந்தவர் என்று எனக்குத் தெரிந்து யாருமில்லை. ஆனால் எழுத வந்தபின் அதைப் பார்த்து ஒருமுறையாவது கணக்குப் போடாதவரும் இல்லை. 2003இல் கூகுள் பிளாகரை வாங்கியது. அதே ஆண்டில்தான் ஆட்சென்ஸும் வந்தது. எழுத இலவசமாக இடம், எழுதினால் விளம்பரக் காசு என்று இரண்டு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. கணக்கில் கொஞ்சம் டாலர் சேர்ந்ததும் நம் முகவரி மெய்தானா என்று பார்க்க ஓர் எண்ணை அச்சிட்டுத் தபாலில் அனுப்புவார்கள். 100 டாலர் சேர்ந்தால் காசோலை. 2004இல் ஆக்ராவில் அமித் அகர்வால் என்ற இளைஞர் கணினி வேலையை விட்டுவிட்டு வலைப்பூ எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்டார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் டேரன் ரௌஸ் 'புரோபிளாகர்' என்று ஒன்றைத் தொடங்கி, எழுதிச் சம்பாதிப்பது எப்படி என்று நாள்தோறும் சொல்லிக்கொடுத்தார். இதெல்லாம் எங்கள் காதுக்கும் வந்தது. எழுதியே குடும்பம் நடத்துகிறார்களாம் என்று மதுரையில் டீக்கடையில் நின்று பேசிக்கொண்டோம்.

நான் அப்போது மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடை சாத்தியதும் பிரௌசிங் சென்டர். மணிக்கு 20 ரூபாய். பிளைவுட் தடுப்பு, மேலே சாமி படம், கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்து வெறும் கட்டைகள். தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்றால் எக்ஸ்பியின் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஓரிடத்தில் டிக் அடிக்க வேண்டும்; அடித்ததும் அது விண்டோஸ் சிடியைக் கேட்கும். சிடி முதலாளியின் மேஜை இழுப்பறையில் இருக்கும். அவரிடம் கெஞ்சி வாங்கிப் போட்டால் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் போய் உட்காரும். அதற்கு முன் 'கொ' என்ற எழுத்து எங்கள் ஊர் கணினிகளில் மூன்று துண்டாகச் சிதறிக் கிடந்தது.

அந்தச் சிதறலைக் கூட்டிச் சேர்த்தவர்களை நினைக்காமல் அந்தக் காலத்தை நினைக்க முடியாது. முகுந்த் செய்த இ-கலப்பை இருந்தது. ஆங்கில விசைகளில் ஒலியை அடித்தால் தமிழ் வரும். சுரதா செய்த 'பொங்குதமிழ்' மாற்றி இருந்தது. பழைய எழுத்துருக்களில் மாட்டிக்கொண்ட கட்டுரையை இந்தப் பெட்டியில் ஒட்டினால் அந்தப் பெட்டியில் யூனிகோடாக வெளியே வரும். அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' என்ற எழுத்துருவை இயங்கு எழுத்துருவாகச் செய்து கொடுத்தார். படிப்பவர் தன் கணினியில் எதையும் இறக்கி வைக்காமலே தமிழைப் படிக்க முடிந்தது. 2006இல் அவர் இறந்தபோது, நேரில் அவரைப் பார்த்தேயிராத பலர் தங்கள் வலைப்பூவில் அஞ்சலி எழுதினார்கள். இவர்கள் யாரும் காசு கேட்கவில்லை. தமிழ் வலைப்பூ உலகத்தின் அடித்தளமே இப்படி இலவசமாகக் கொடுக்கப்பட்டது என்பதால், அதன்மேல் எழுதுகிறவர்கள் காசு கேட்பது ஏதோ கூச்சப்பட வேண்டிய காரியம் என்ற எண்ணம் எங்களுக்குள் மெல்லப் படிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

2004இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். அதுவரை ஒருவர் புதிதாக எழுதியிருக்கிறாரா என்று ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. தமிழ்மணம் வந்ததும் உலகத்தின் எந்த மூலையில் யார் தமிழில் எழுதினாலும் சற்று நேரத்தில் ஒரே பட்டியலில் வரிசையாக வந்து நின்றது. காலையில் கடை திறந்து பில் போடுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டால் சிங்கப்பூரில் மழை, துபாயில் வெள்ளிக்கிழமை, நியூ ஜெர்சியில் பனி எல்லாம் தெரிந்துவிடும். வாரம் ஒருவரை நட்சத்திரமாக அறிவிப்பார்கள். அந்த வாரம் முழுக்க அவர் முகப்பில் இருப்பார். நட்சத்திர வாரத்துக்கு அழைப்பு வந்தவர்கள் அலுவலகத்தில் விடுப்புப் போட்டு எழுதியதை நான் அறிவேன். கைக்கு ஒன்றும் வராது. ஆனால் அந்த ஏழு நாளின் பெருமை அவர்கள் வீட்டில் வெகுகாலம் பேசப்பட்டிருக்கும்.

பின்னூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எதை மறந்தாலும் நான் மறக்க முடியாதது அதைத்தான். 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று முதல் ஆளாக ஓடிவந்து துண்டு போட்டுவிட்டுப் பிறகு நிதானமாக வந்து படிப்பவர்கள். 'அனானி'யாக வந்து வம்பு இழுப்பவர்கள். பதிவையே விட்டுவிட்டுத் தங்களுக்குள் கும்மியடித்து நூறைத் தொடும் கூட்டம். ஒரு கட்டுரையின் கீழே எழுபது, எண்பது பின்னூட்டம் என்றால் அதில் பத்துப் பின்னூட்டமாவது கட்டுரையைவிட நன்றாக இருக்கும். திண்டுக்கல்லில் இருந்து ஓர் அக்கா சமையல் எழுதினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மாமியார் மதியம் கண்ணயரும் நேரத்தில் தட்டச்சு செய்வார். ஆழாக்கு, உழக்கு கணக்கில்தான் எழுதுவார். கப் என்று எழுதமாட்டார். பருப்பு உருண்டைக் குழம்பு எழுதியபோது, உருண்டையை ஆவியில் வேகவைத்துப் போடுவதா, பச்சையாகக் கொதிக்கும் குழம்பில் போடுவதா என்று கீழே இரண்டு நாள் விவாதம் நடந்தது. அதில் டொராண்டோவில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் தன் தாயார் செய்யும் முறையை எழுதினார். எழுதிக்கொண்டே போனவர், அந்த அடுக்களை இருந்த வீடு, அந்த வீடு இருந்த ஒழுங்கை, ஒழுங்கை முடிவில் இருந்த கிணறு என்று நீண்டு, 1981இல் நூலகம் எரிந்த இரவில் அந்த அடுக்களையில் யாரும் சாப்பிடவில்லை என்று முடித்திருந்தார். ஒரு குழம்புக் குறிப்பின் கீழே அது கிடந்தது. அக்கா அதற்குப் பதிலாக ஒரே வரி எழுதினார்: "அண்ணா, இதைத் தனியா ஒரு பதிவா எழுதுங்க."

அவர் எழுதினார். தன் பெயரில் ஒரு வலைப்பூ தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் அந்த ஒழுங்கையை வீடு வீடாக எழுதினார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் எழுத்து. விளம்பரம் போட்டுப் பார்க்கலாமே, அந்த ஊரில் தமிழ்க் கடைகள் அவ்வளவு இருக்கின்றனவே என்று ஒருமுறை மின்னரட்டையில் கேட்டேன். "காசு வாறது வராதது பேந்து பாப்பம் தம்பி. இதை எழுதி முடிக்கோணும். எழுதாட்டி எங்கட ஒழுங்கை ஒருத்தருக்கும் ஞாபகம் இராது" என்றார்.

காசு பிறகு பார்க்கலாம் என்பதுதான் எல்லோருடைய பதிலுமாக இருந்தது. அந்தப் பிறகு வருவதற்குள் ஆட்கள் களைத்துப்போனார்கள்.

முயன்று பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மதுரையில் என் நண்பர் ஒருவர் சினிமா விமர்சனம் எழுதினார். வெள்ளிக்கிழமை முதல் காட்சி பார்த்துவிட்டு நேரே பிரௌசிங் சென்டருக்குப் போவார். மேட்னி முடிவதற்குள் விமர்சனம் வந்துவிடும். 2007இல் 'சிவாஜி' வந்த அன்றும் 2010இல் 'எந்திரன்' வந்த அன்றும் அவருடைய எண்பெட்டி ஓடிய ஓட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வந்தவர்களில் பாதிப் பேர் தேடுபொறியில் ஆங்கில எழுத்தில் படத்தின் பெயரை அடித்து வந்தவர்கள். தமிழர்கள் அப்போது தமிழில் தேடவில்லை. அதனால் தலைப்பில் ஒரு வார்த்தையாவது ஆங்கிலத்தில் வைப்பது என்ற பழக்கம் வந்தது. அந்த ஆங்கில வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சிலசமயம் நிஜ விளம்பரமும் வந்து விழும். மாதக் கடைசியில் பார்த்தால் கணக்கில் சில டாலர்கள் இருக்கும். நூறு என்ற கோடு எங்கோ தொலைவில் இருக்கும்.

அவரும் நானும் ஒருநாள் விளம்பரம் கேட்டு ஒரு ஜவுளிக் கடைக்குப் போனோம். எவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்று அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தார். முதலாளி மரியாதையாக உட்காரவைத்து, கலர் வரவழைத்துக் கொடுத்து, தாளைப் புரட்டிப் பார்த்தார். "தம்பி, நீங்க சொல்ற ஆளுக துபாய்ல, அமெரிக்கால இருக்காக. எங்கடைக்கு மேலூர்ல இருந்து, திருமங்கலத்துல இருந்துல்ல ஆள் வரணும்" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. தமிழ் வலைப்பூவின் வாசகர்கள் உலகம் முழுக்கத் தெளித்த மாதிரி இருந்தார்கள். உள்ளூர்க் கடைக்கு அவர்கள் பயன்பட மாட்டார்கள். உலகக் கடைகளுக்கு அவர்கள் படிக்கிற மொழி தெரியாது.

அதே காலத்தில், அதே தமிழ் அடுக்களையை ஆங்கிலத்தில் எழுதிய பெண்கள் இருந்தார்கள். ராக்ஸ் கிச்சன், பதூஸ் கிச்சன், ஜெயஸ்ரீஸ் கிச்சன், ஷர்மிஸ் பேஷன்ஸ், பிறகு கொங்கு நாட்டுச் சமையலோடு வந்த கண்ணம்மா குக்ஸ். வெந்தயக் குழம்பும் அதிரசமும் அரிசி பருப்புச் சாதமும்தான் அங்கேயும். ஒவ்வொரு படிக்கும் ஒரு புகைப்படம், துல்லியமான அளவு, பண்டிகைக்கு முந்தைய வாரமே அந்தப் பண்டிகையின் பலகாரம் என்று உழைத்து எழுதினார்கள். அவர்கள் பக்கத்தை இயந்திரம் படித்தது. குக்கர் விளம்பரம் வந்தது, எண்ணெய் விளம்பரம் வந்தது, நிறுவனங்கள் தேடி வந்தன. பல வீடுகளில் அது நிஜமான தொழிலாக நின்றது. அவர்களை நான் மதிக்கிறேன். அந்த வருமானம் அவர்கள் உழைப்புக்கு வந்த கூலி. ஆனால் திண்டுக்கல் அக்காவும் அதே அளவு உழைத்தார். அவர் சுட்ட பணியாரம் இவர்களுடைய பணியாரத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வேறுபாடு எழுதிய மொழியில் மட்டும் இருந்தது. ஒரே அதிரசத்தை ஆங்கிலத்தில் எழுதினால் கூலி, தமிழில் எழுதினால் இல்லை என்ற அந்த நிலைமையை நாங்கள் ஏதோ வெயில் மழை மாதிரி இயல்பு என்று ஏற்றுக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்கு எழுத்தினால் முதலில் வந்த வருமானம் விளம்பரத்தில் வரவில்லை. பருப்புப் பொடி பற்றி எழுதியிருந்தார். சிங்கப்பூரில் தனியாக இருந்து வேலை பார்த்த ஒரு பையன், "அக்கா, எனக்கு அரைக்கவெல்லாம் தெரியாது, நீங்களே அரைத்து அனுப்புவீர்களா" என்று கீழே கேட்டிருந்தான். அனுப்பினார். அவன் நன்றி சொல்லி எழுதியதும் இன்னும் பலர் கேட்டார்கள். கொஞ்ச நாள் அவர் வீட்டுக் கூடத்தில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி என்று பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. காசு வாங்குவதுதான் பெரும்பாடு. சென்னையில் இருப்பவர் மணியார்டர் அனுப்புவார். வெளிநாட்டில் இருப்பவர் ஊருக்கு வரும்போது யாரிடமாவது கொடுத்தனுப்புவார். பேபால் என்று ஒன்று இருப்பதாகச் சொல்லி ஒருவர் அவருக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார்; 2010இல் இந்தியாவுக்கான தனிநபர் பரிமாற்றங்களை அந்த நிறுவனம் நிறுத்தியது. கைபேசியில் கட்டத்தைக் காட்டிக் காசு வாங்கும் யூபிஐ எல்லாம் வந்தது 2016இல்தான். வாசகர்கள் கொடுக்கத் தயாராக இருந்தார்கள், கொடுக்க வழியில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழன் எழுத்துக்குக் காசு கொடுக்கமாட்டான் என்று ஒரு வாக்கியத்தை எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பொட்டலம் கட்டிய அந்தக் கூடத்தைப் பார்த்தவன் என்ற முறையில் அதை நான் ஒப்பமாட்டேன்.

எழுத்தை நடத்திச் செல்லக் காசு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் நம்மில் முன்பே இருந்திருக்கிறார்கள். 1906இல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகைக்குப் பாரதியார் காலத்தில் சந்தாவையே ஆளுக்குத் தக்கபடி வைத்தார்கள்: அரசாங்கங்களுக்கு 50 ரூபாய், ஜமீன்தார், ராஜாக்களுக்கு 30, மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15, மற்றவர்களுக்கு 3. அந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஏழைக்கும் கிடைக்க வேண்டும், பத்திரிகையும் நடக்க வேண்டும் என்று யோசித்த மூளை அது. 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா, தான் வெளியிட்ட புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். சிற்றிதழ் நடத்தியவர்களின் வறுமையை நாம் வழிபாட்டுக்குரியதாக ஆக்கிவிட்டோம்; சுமையை இறக்கி வைத்து அவர் விலை சொன்னார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

பிராட்பேண்ட் வீட்டுக்கு வந்தபின் பிரௌசிங் சென்டர் வாசம் போய்விட்டது. பிஎஸ்என்எல் திட்டம் ஒன்றில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் பயன்படுத்தலாம் என்று இருந்தது. அலாரம் வைத்து எழுந்து எழுதியவர்களை எனக்குத் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்குப் பின்னூட்டம் போட்டால் நான்கு பேர் உடனே பதில் சொல்வார்கள், எல்லோரும் விழித்திருப்போம். பகலில் வேலைக்குப் போகும் ஆட்கள்தான் அத்தனை பேரும். வலைச்சரம் என்ற பக்கத்தில் வாரம் ஒருவர் ஆசிரியராக இருந்து மற்றவர்களின் நல்ல பதிவுகளை எடுத்துச் சொல்வார். அறிமுகப்படுத்தப்பட்டவர் வீட்டுக்கு அன்று கூட்டம் வரும். புதிதாக எழுத வருபவரை வளர்ப்பதற்கு இவ்வளவு முறையாக ஓர் ஏற்பாடு அதன் பிறகு எங்கேயும் நான் பார்க்கவில்லை. இன்றைக்கு வளர்ச்சி என்று சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் எல்லாம் இருக்கிறது, இன்னொருவரைக் கைப்பிடித்து அழைத்து வருவது மட்டும் இல்லை.

2010இல் கூகுள் பஸ் வந்தது. நீளமாக எழுத வேண்டியதில்லை, நாலு வரி போதும், பதில் உடனே வரும். கும்மியடிக்கும் கூட்டம் முதலில் அங்கே போனது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் பஸ் நின்றுபோனது. கூட்டம் திரும்பி வரவில்லை, ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டது. 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான வலைப்பூக்களை ஒரே இடத்தில் சேர்த்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள் அன்று முதல் யாரையும் தேடிப் போகவில்லை. பின்னூட்டம் போடும் கை ஃபேஸ்புக்கில் விருப்பக்குறி போடப் பழகிவிட்டது. சென்னையில், மதுரையில், 2015இல் புதுக்கோட்டையில் என்று பதிவர்கள் கூடிப் பெரிய திருவிழாக்களே நடத்தினார்கள். நேரில் கண்டு தழுவிக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பியபின் எழுதுவது மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் மின்னூல் போட வழி வந்தது. 2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது. இந்தி 2014 கடைசியிலேயே ஏற்கப்பட்டிருந்தது. செய்தி வந்த அன்று என் சினிமா விமர்சன நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அதற்குள் மனை விற்கும் தொழிலுக்குப் போயிருந்தார். "நல்லதுய்யா, யாராச்சும் பொழைச்சுக்கிருவாங்க" என்றார். அவர் சொந்தமாக வாங்கி வைத்திருந்த டாட் காம் முகவரியை ஒரு வருடம் புதுப்பிக்கவில்லை. இப்போது அந்தப் பெயரை அடித்தால் பந்தயச் சூதாட்டப் பக்கம் ஒன்று திறக்கிறது. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் செலவு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் தனக்கு எதுவுமே தராத ஒன்றுக்கு எத்தனை ஆண்டு ஒருவர் அதைக் கட்டிக்கொண்டிருப்பார்? காசு கட்டாத இலவச பிளாக்ஸ்பாட் முகவரிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. தொழிலாக்க ஆசைப்பட்டுச் சொந்த முகவரிக்குப் போனவர்களுடையதுதான் முதலில் அழிந்தது. இது எனக்குத் தாங்கவில்லை.

காசு வந்திருந்தால் அந்த உலகம் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. விளம்பரத்துக்காக எழுதியிருப்பார்கள், தலைப்பில் பொய் சொல்லியிருப்பார்கள், பின்னூட்டத்தில் இருந்த ஒட்டுறவு போயிருக்கும் என்பார்கள். சிலர் அப்படிப் போயிருக்கலாம். ஆனால் காசு வராததால் யார் முதலில் எழுதுவதை நிறுத்தினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வசதியாக இருந்தவர்கள் நிறுத்தவில்லை. புத்தகமும் பத்திரிகையும் கைவசம் இருந்த எழுத்தாளர்கள் நிறுத்தவில்லை. ஜெயமோகன் 2014 தொடங்கி 2020 வரை 'வெண்முரசு' முழுவதையும் தினம் ஓர் அத்தியாயமாக இணையத்திலேயே எழுதி முடித்தார். நிறுத்தியவர்கள் வீட்டு வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் திருடியெடுத்த பெண்கள், இரண்டு ஷிப்டு பார்த்தவர்கள், ஒப்பந்த வேலையில் இருந்தவர்கள், ஊரை விட்டுத் தொலைதூரம் போய் நினைவை மட்டும் கொண்டு எழுதியவர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் வந்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்க அவர்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். "சும்மா தட்டிக்கிட்டு உக்காந்திருக்கா" என்ற பேச்சை அக்கா எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். மாமியார் படுக்கையில் விழுந்தபோது முதலில் நின்றது எழுத்து. அடுத்து நின்றது பொடி.

இப்போது தமிழில் சொன்னால் காசு வருகிறது, காணொளியாகச் சொன்னால். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் யூடியூப் சேனல் அது. வயலில் அடுப்பு மூட்டும் ஒரு பெரியவரையும் அவருடைய பேரன்களையும் உலகம் உட்கார்ந்து பார்க்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. தமிழில் சொல்வதை உலகம் கேட்கும், அதற்குக் கூலியும் கொடுக்கும் என்பது நடந்துவிட்டது. எழுத்துக்கு அது நடக்கவில்லை என்பதுதான் என் துக்கம். காணொளியில் அந்த யாழ்ப்பாணத்து அண்ணன் வந்து அடுக்களையிலிருந்து கிணறு வரை நடந்து போக இடமில்லை.

'ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்' என்று 2013 முதல் ஒரு குழு, வலைப்பூக்களில் எழுதியவர்களிடம் அனுமதி கேட்டுக் கேட்டு அவர்களுடைய பதிவுகளை மின்னூல்களாக்கி இலவசமாகத் தருகிறது. அழியவிருந்த எத்தனையோ எழுத்தை அவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். அக்காவிடம் அதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "குடுக்கலாம்ப்பா, ஆனா ஒண்ணாவது வித்துப் பாக்கணும்னு இருக்கு" என்றார். பேத்திக்குப் பால் காய்ச்சிக்கொண்டே பேசினார். கிண்டிலில் போடலாம் என்று முடிவானது. அவருடைய பிளாக்ஸ்பாட் அப்படியே இருக்கிறது. அமைப்புப் பக்கத்துக்குள் போய் முழுப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிவிட்டேன். பதிவும் பின்னூட்டமும் சேர்ந்தே வந்தன.

பின்னூட்டங்களையும் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்றேன். "எழுதுனது அவங்கல்ல? கேக்காம எப்படிப் போடுறது?" என்றார். அனானிகளை விட்டுவிடலாம், பெயரோடு எழுதியவர்களில் முகவரி கிடைக்கிறவர்களுக்கு எழுதிக் கேட்கலாம் என்று பேசிக்கொண்டோம். டொராண்டோ அண்ணனுக்கு எழுதி, பதிலும் வந்துவிட்டது. "தாராளமாப் போடுங்கோ" என்று எழுதியதோடு, உருண்டைக்குச் சோம்பு சேர்ப்பதை அன்றைக்கு எழுத விட்டுப்போனது, அதையும் சேர்க்கச் சொல்லியிருந்தார். இப்போது நாற்பத்து சொச்சம் குறிப்புகளைத் தேர்ந்து வைத்திருக்கிறார் அக்கா. பிழை பார்ப்பது என் வேலை. அட்டைப்படத்துக்கு அவர் மகள் அந்தப் பழைய ஆழாக்கைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள்.

போன வாரம் விலையைப் பற்றிப் பேச்சு வந்தது. "49 ரூவா வச்சா சாஸ்தியாப்பா? நம்ம ஆளுகதான வாங்குவாக" என்றார்.

"99 வைங்கக்கா" என்றேன்.